சனிக்கிழமை கொழுக்குமலை, திங்கட்கிழமை ஆபீஸ்

சூரியநெல்லியில் அதிகாலை நாலு மணிக்கே கடைத்தெரு விழித்துக்கொள்கிறது. டீக்கடை பாய்லருக்கு எதிரே வரிசை கட்டி நிற்கும் ஜீப்புகள் ஒவ்வொன்றாக இருமி, கனைத்து, உயிர் பெறுகின்றன. பழைய மஹிந்திரா மேஜர், கமாண்டர் வகைகள். சில வண்டிகளுக்கு அவற்றை ஓட்டுபவரைவிட வயது அதிகம். இந்தக் கிழட்டுச் சிங்கங்களின் ஓரத்தில், மதுரைப் பதிவெண் கொண்ட ஒரு மாருதி ஜிம்னி, மாமியார் வீட்டுக்கு முதல்முறை வந்த மாப்பிள்ளை மாதிரி ஒடுங்கி நிற்கிறது.

அதன் சொந்தக்காரர் மதுரையில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருப்பவர். வாரத்தில் ஐந்து நாள் திருநகரிலிருந்து மாட்டுத்தாவணிப் பக்கம் போய்வர இதே வண்டிதான். ஆறாம் நாள் காய்கறிச் சந்தைக்கும் இதேதான். கூட வந்திருப்பவர் அவருடைய மைத்துனர். வண்டி விஷயத்தில் மாமாவைவிட ஆர்வம் அதிகம். சொந்தமாக வண்டிதான் இல்லை.

அவர்களை மேலே அழைத்துப் போக வந்த ஜீப் டிரைவர் முதலில் பார்த்தது ஆட்களை அல்ல, ஜிம்னியின் டயரை. குனிந்து கட்டைவிரலால் ஓரத்தை அழுத்தினார்.

“டயர் நல்லாருக்கு சார். வேற என்ன பண்ணிருக்கீங்க?”

“பெருசா ஒண்ணும் இல்லண்ணே.”

“அப்ப சரி” என்றார், ஏதோ ஜாதகப் பொருத்தம் பார்த்து முடித்தவர்போல.

கொழுக்குமலைக்குச் சொந்த வண்டிகளை விடுவதில்லை. ஜிம்னி கீழேயே தங்கியது. மலை தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில் இருக்கிறது. அதற்குப் போகிற வண்டிப்பாதையோ கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் தொடங்குகிறது. சுமார் 12 கிலோமீட்டர். கடக்க ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. இந்தக் கணக்கே பாதையின் லட்சணத்தைச் சொல்லிவிடும்.

இந்தப் பயணத்தின் விதை எட்டு மாதங்களுக்கு முன் மதுரையில் ஒரு துணைப்பொருள் கடையில் விழுந்தது. புது ஜிம்னியோடு உள்ளே போனவருக்குக் கடைக்காரர் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார்: 2 அங்குல லிஃப்ட் கிட், இரும்பு பம்பர், வின்ச், கூரைக் கேரியர், மேலே எரியும் பட்டை விளக்கு, மூக்குக்குழாய் மாதிரி நீளும் ஸ்நார்கெல், 235 அகலத்தில் டயர். கூட்டுத்தொகைக்கு நல்ல நிலையில் ஒரு பழைய ஆல்டோ கிடைக்கும். மைத்துனருக்குக் கண்கள் மின்னின. பட்டியலை வீட்டில் வாசித்துக் காட்டியபோது, அடுக்களையிலிருந்து ஒரு கேள்விதான் வந்தது: “திங்கக்கெழம இதுலதான ஆபீஸ் போவீங்க?”

அன்றிலிருந்து பட்டியலின் ஒவ்வொரு பொருளும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வர முடிந்தது.

ஜிம்னி இந்தியாவுக்கு வந்தது 2023 ஜூன் மாதத்தில், ஐந்து கதவுகளோடு. ஆனால் வம்சம் பழையது. ஜப்பானில் முதல் ஜிம்னி 1970-இல் பிறந்தது. நம் ஊர் ராணுவத்திலும் வனத்துறையிலும் பல்லாண்டு உழைத்த மாருதி ஜிப்ஸி அதே வம்சத்துப் பிள்ளை. ஏணி மாதிரியான சட்டம், முன்னும் பின்னும் முழு நீள அச்சு, கையால் இழுத்துப் போடும் ஃபோர்வீல் லீவர், அதற்குள் ஒரு தாழ்வேகக் கியர். 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், சுமார் 1,200 கிலோ எடை, தரைக்கு மேல் 210 மில்லிமீட்டர் இடைவெளி. சின்ன மலைப்பாதைகளுக்குத் தேவையானதில் பெரும்பகுதி ஷோரூமிலிருந்து வரும்போதே வண்டிக்குள் இருக்கிறது. குறைவது என்ன என்று பார்ப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

முதலில் டயர். நிறுவனம் மாட்டித் தருவது 195/80 ஆர்15. தார்ச்சாலையை மனத்தில் வைத்துச் செய்தது. பள்ளம் மேடான பட்டன் போட்ட ஏ/டி டயர், அதாவது தாருக்கும் மண்ணுக்கும் பொதுவானது, இரண்டு அளவில் பரிந்துரைக்கப்பட்டது: 215/75, 235/75. கணக்குப் பிரிவுக்காரர் விடுவாரா? தாளில் எழுதிப் பார்த்தார். பழைய டயரின் விட்டம் 693 மில்லிமீட்டர். 215 போட்டால் 703.5. கூடுகிற பத்தரை மில்லிமீட்டரில் பாதிதான் சக்கர மையத்துக்குக் கீழே வரும். தரை இடைவெளி 5 மில்லிமீட்டர்தான் உயரும். 235 போட்டால் விட்டம் 733.5, இடைவெளி 20 மில்லிமீட்டர் உயரும். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதே கணக்கின் மறுபக்கம்: ஸ்பீடோமீட்டர் 80 என்று காட்டும்போது 215 டயரில் முன்பைவிட ஒரு கிலோமீட்டர்தான் கூடுதலாக ஓடும், 235 டயரில் கிட்டத்தட்ட 85. சக்கரம் கனத்து, வட்டம் பெரிதாகி, சிறிய எஞ்சினுக்கு ஒவ்வொரு கியரும் அரைக் கியர் கூட்டிப் போட்டதுபோல் இழுவை சுருங்கும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் கோரிப்பாளையத்தில் அந்தச் சுருக்கம் தினமும் காலில் தெரியும்.

215 வென்றது. தார்ச்சாலையில் ஒரு மெல்லிய ரீங்காரம் கூடியது, மைலேஜ் கொஞ்சம் இறங்கியது. ஓரச்சுவர் தடித்த டயர் என்பதால் கூர்ங்கல் கிழிக்கும் பயம் பாதியானது. பேரம் படிந்தது.

லிஃப்ட் கிட் விஷயத்தில்தான் மைத்துனரோடு மூன்று வாரம் வாக்குவாதம் நடந்தது. வண்டியைத் தூக்கிவிட்டால் எல்லாம் உயரும் என்று நினைப்பது வழக்கம். முழு அச்சு வண்டியில் அப்படி இல்லை. அச்சின் நடுவே பூசணிக்காய் மாதிரித் தொங்கும் டிஃபரன்ஷியல்தான் தரைக்கு நெருக்கமான இடம். நீளமான ஸ்பிரிங் போட்டால் உடல் உயரும், பூசணிக்காய் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயரால் மட்டுமே முடியும். உடல் உயர்வதால் வயிறு தட்டுவது குறையும் என்பது உண்மை. பதிலுக்கு முன் அச்சு லேசாகத் திரும்பிக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேராவது மந்தமாகும். அதைச் சரிசெய்யத் தனி புஷ். அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் கம்பி அதை ஒருபுறமாக இழுக்கும். அதற்கு நீளம் மாற்றக்கூடிய இன்னொரு கம்பி. முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணைக் குத்தும். அதைத் தாழ்த்த வேண்டும். கோவணத்தைக் காக்கப் பூனை வளர்த்து, பூனைக்காகப் பசு வாங்கிய சாமியார் கதைதான். லிஃப்ட் நிராகரிக்கப்பட்டது.

சட்டமும் ஒரு கை கொடுத்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்தமாகவே சொன்னது. முன்னால் மாட்டும் இரும்புக் காப்புக் கம்பிகள் கூடாது என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதலில் நடந்துபோகிறவருக்கு அடி பலமாகும், காற்றுப்பை வேலை செய்வதையும் அது குழப்பலாம். விபத்துக்குப் பிறகு காப்பீட்டுக்காரர் கேட்கும் கேள்விகள் தனி. பம்பர், வின்ச், பட்டை விளக்கு மூன்றும் ஒரே கோட்டில் அடிபட்டன. ஆறு கடக்கப் போவதில்லை, ஸ்நார்கெல் போனது. தலைக்கு மேல் பாரம் ஏற்றினால் சாய்வில் வண்டி இன்னும் சாயும், கேரியரும் போனது.

மிஞ்சியது இவ்வளவுதான்: டயர், எஞ்சின் அடியையும் ஃபோர்வீல் பெட்டியையும் காக்கும் தகடு, காற்றழுத்தம் பார்க்கும் கடிகாரம், 12 வோல்ட்டில் ஓடும் சின்ன கம்ப்ரஸர், ட்யூப்லெஸ் பஞ்சர் ஒட்டும் பெட்டி, இழுவைப் பட்டையும் இரண்டு கொக்கிகளும், கைப்பிடி மடங்கும் மண்வெட்டி. தகடு தவிர மற்றதெல்லாம் டிக்கியில் ஒரு சாக்குக்குள் அடக்கம். திங்கட்கிழமை சாக்கு வீட்டில் இறங்கிவிடும்.

இப்போது கொழுக்குமலை ஜீப்புக்குத் திரும்பலாம். தேயிலைத் தோட்டம் முடிந்ததும் பாதை என்று ஒன்று இல்லாமல் போகிறது. பாறைகளை யாரோ கொட்டிவிட்டுப் பரப்ப மறந்த மாதிரி ஒரு சரிவு. டிரைவர் ஃபோர்வீல் லீவரைப் பின்னுக்கு இழுத்தார், முதல் கியர் போட்டார், பிறகு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை ஏறக்குறைய எடுத்தேவிட்டார். வண்டி நடந்தது. ஓடவில்லை, நடந்தது. ஒரு பெரிய கல் வரும்போது மைத்துனர் அதை இரண்டு சக்கரங்களுக்கு நடுவே விடுவார் என்று எதிர்பார்த்தார். டிரைவர் நேராக அதன் மேலேயே சக்கரத்தை ஏற்றினார்.

“கல்ல வயித்துக்குக் கீழ விட்டா எங்க தட்டும்னு நமக்குத் தெரியாது. சக்கரத்துல ஏத்திட்டா வண்டியே ஒசந்துரும்ல?”

தகட்டுக்குக் கொடுத்த காசை மாமா மனத்துக்குள் ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

வண்டியில் என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று விசாரித்தால், பதில் கடைக்காரரின் பட்டியலுக்கு நேர் எதிர். பின்பக்கப் பிளேட்டு செட்டில் ஒரு பிளேட்டு கூட்டியிருக்கிறது. பிடித்துக்கொள்ள உள்ளே ஒரு குழாய்க் கம்பி. பட்டன் தடித்த, அகலம் குறைந்த டயர். அவ்வளவே. மற்ற காசெல்லாம் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஸ்டியரிங் முட்டிகளுக்கும் போகிறது. ஒவ்வொரு நாளும் இறங்கி வந்ததும் அடியில் படுத்து ஒரு பார்வை. லூசான போல்ட்டை அன்றே முறுக்கிவிடுவது. இறக்கத்தில் பிரேக்கை மிதிப்பதில்லை; முதல் கியரில் எஞ்சினே பிடித்துக்கொள்கிறது. மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு கல்லின் மேல் வழுக்கும்.

மேலே, கிட்டத்தட்ட 8,000 அடி உயரத்தில், உலகிலேயே உயரமான இடத்தில் விளையும் தேயிலை என்று பெருமை பேசும் பலகை. மேகக் கடலுக்கு அந்தப்புறம் சூரியன் எழுந்தபோது, கீழே போடிச் சமவெளி இன்னும் இருட்டுக்குள் கிடந்தது. 1930-களின் தொழிற்சாலையில் அந்தக் காலத்து இயந்திரங்கள் இன்றும் இலையைச் சுருட்டுகின்றன. அந்தக் கனத்த இரும்பெல்லாம் இந்த மலைமேல் எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. ஏறி வந்த பாதையை நினைத்தால் கேட்க வாய் வரவில்லை. இருவரும் கட்டன் சாயா குடித்தார்கள். தோட்டத்துப் பேச்சு முழுக்கத் தமிழ்.

கீழே விடைபெறும்போது டிரைவர் மறுபடி ஜிம்னி டயரைத் தட்டினார்.

“நாளைக்கு எங்க சார்?”

“மேகமலைண்ணே. இரவங்கலாறு வரைக்கும்.”

“ஹைவேவிஸ் தாண்டுனதும் காத்த எறக்கிருங்க. கல்லு டயருக்குள்ள அமுங்கணும். டயரு கல்லுமேல துள்ளக்கூடாது.”

போடிமெட்டின் வளைவுகளில் ஏலக்காய் வாசனையோடு இறங்கி, போடி வழியாகச் சின்னமனூரில் இரவு தங்கல். ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தென்பழனி சோதனைச் சாவடி திறந்தபோது ஜிம்னி வரிசையில் இருந்தது. இரவில் இந்த மலைச்சாலையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபின் இது புலியின் வீட்டு வாசல். சாலையை விட்டுப் புல்வெளியிலோ ஓடையிலோ வண்டியை இறக்குவது இங்கே சாகசம் அல்ல, குற்றம். ஆகவே ‘ஆஃப்ரோடு’ என்று இவர்கள் தேடி வந்ததும் ஒரு சாலைதான். தார் மறந்துபோன சாலை.

18 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். ஏறும்போதே ஃபோர்வீல் போட்டுப் பார்க்கலாமா என்று மைத்துனருக்குக் கை அரித்தது. மாமா விடவில்லை. ஜிம்னி மாதிரி வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் போகும் தூரம் ஒன்று, பின் சக்கரங்கள் போகும் தூரம் இன்னொன்று. மண்ணில் அந்த வித்தியாசம் சறுக்கிக் கழிந்துவிடும், காய்ந்த தாரில் கழியாமல் பற்சக்கரங்களுக்குள் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

ஹைவேவிஸ் அணையின் ஓரம் கடந்ததும் சாலையின் குணம் மாறியது. மேகமலையும் மணலாறும் மேல்மணலாறும் வெண்ணியாறும் மகாராஜாமெட்டும் இரவங்கலாறும் ஹைவேவிஸோடு சேர்ந்து ஏழு மலைக் கிராமங்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் உலகம். இந்தக் கிராமங்களுக்கு இடையே தார் உரிந்து, அடியில் புதைத்த கல் பெயர்ந்து, மழைநீர் ஓடிய தடமெல்லாம் பள்ளமாகிக் கிடந்தது. ஓரம் கட்டி நான்கு டயரிலும் 18 பிஎஸ்ஐ வரை காற்றை இறக்கினார்கள். ஆறு நிமிட வேலை, செலவு எதுவும் இல்லை.

வித்தியாசம் முதல் 50 மீட்டரிலேயே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போன வண்டி வாயைத் திறந்து பேசத் தொடங்கியது மாதிரி. காற்று குறைந்த டயர் அகலவாக்கில் அவ்வளவாக விரிவதில்லை; நீளவாக்கில்தான் தரையோடு கூடுதலாகப் படிகிறது. கூர்ங்கல்லைக் குத்தவிடாமல் உள்வாங்கிக்கொள்கிறது. அதிகம் இறக்கினால் டயர் ரிம்மை விட்டு விலகும் என்பதால் வேகத்தை மனிதர் நடக்கும் அளவுக்கு வைத்துக்கொண்டார்கள்.

மேல்மணலாறு தாண்டி ஒரு குறுக்குப் பள்ளம். இடது முன் சக்கரமும் வலது பின் சக்கரமும் ஒரே நேரத்தில் இறங்க, மற்ற இரண்டும் பாரம் தாங்கின. இறங்கிய பின் சக்கரம் காற்றில் சும்மா சுற்றியது. மைத்துனர் மூச்சைப் பிடித்தார். கதை முடிந்தது என்று காலை எடுத்தால்தான் முடியும். தாழ்வேகக் கியரில் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு விசை ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஆக்ஸிலேட்டரை அசையாமல் பிடித்தால், சும்மா சுற்றும் சக்கரத்தை வண்டியே பிரேக் போட்டுப் பிடித்து, பிடிமானம் உள்ள சக்கரத்துக்கு விசையைத் தள்ளும். கடகடவென்று ஒரு சத்தம், ஒரு குலுக்கல், வெளியே.

அடுத்த மேட்டில் கர்வத்துக்குப் பலன் கிடைத்தது. உச்சியை நேராகத் தாண்டப் போய், அடியில் “டொங்” என்று ஒரு அடி. ஐந்து கதவுக்காக இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2,590 மில்லிமீட்டர் நீண்ட வண்டி இது. மூன்று கதவு ஜிம்னியைவிட 340 அதிகம். மூன்று கதவு வண்டி 28 டிகிரி மேட்டை வயிறு தட்டாமல் தாண்டும், இது 24. இறங்கிப் படுத்துப் பார்த்தார்கள். தகட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அதற்கு மேலே எண்ணெய்த் தொட்டி முழுசாக, கன்னங்கரேலென்று இருந்தது.

“லிஃப்ட் போட்டிருந்தா தட்டிருக்காது மாமா.”

“சக்கரத்தக் கல்லு மேல ஏத்தியிருந்தாலும் தட்டிருக்காது மாப்ள.”

அப்போதுதான் பின்னால் ஹாரன் கேட்டது. சின்னமனூரிலிருந்து வந்த அரசுப் பேருந்து. தினமும் இதே கல்லில் இரவங்கலாறு வரை போய்வருகிற வண்டி; ஃபோர்வீல் இல்லை, தகடு இல்லை, காற்று இறக்கும் பேச்சே இல்லை. ஜன்னலோரம் ஒரு பாட்டி மடியில் காய்கறிப் பையோடு அரைத்தூக்கத்தில் இருந்தார். ஜிம்னி பணிவாக ஓரம் ஒதுங்கியது.

மதியம் திரும்பி ஹைவேவிஸ் வந்ததும், இறக்கத்துக்கு முன் வண்டியை மரநிழலில் நிறுத்திக் கம்ப்ரஸரை எடுத்தார்கள். காற்று குறைந்த டயரில் தார்ச்சாலையில் வேகமாகப் போனால் ஓரச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். 18 வளைவுகள் இறங்கப் போகிறவர்களுக்கு அது விளையாட்டல்ல. பூனைக்குட்டி அளவுள்ள அந்தக் கருவி கர்ரென்று கத்திக்கொண்டே ஒவ்வொரு டயரையும் மெல்ல மெல்ல நிமிர்த்தியது.

இரவங்கலாறு போன பேருந்து திரும்பி வந்து பக்கத்தில் வேகம் குறைத்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி எட்டிப் பார்த்தார்.

“என்ன சார், வண்டி நின்னுபோச்சா?”

“இல்லண்ணே, காத்து அடிக்கிறோம்.”

“அட, சின்னமனூர் பங்க்குல சும்மாவே அடிப்பாங்களே!”

விசில் கொடுத்தார். பேருந்து முதல் வளைவில் திரும்பி மறைந்தது. மூன்றாவது டயரின் முள் 20-ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. மைத்துனர் சாக்கை விரித்து, மண்வெட்டியில் ஒட்டியிருந்த செம்மண்ணை ஒரு குச்சியால் சுரண்டத் தொடங்கினார்.